திறப்பு யார் கையில்?

வங்கிகளின் இணையச் சேவையும் எம்மிடையே வாழும் மாற்றுத்திறனாளிகளும்: ஒரு பாடம்



ஓர்ஸ் ஹில்லில் நாம் நடத்திவரும் மாதாந்தச் சந்திப்புக்கு, மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். 2006 இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்து, 2015 இற்குப் பின்னர் காணி விடுவிக்கப்பட்டபோது ஊர் திரும்பியவர். எறிகணை வெடித்ததில் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். இன்றும் வரம்பில் தனியாக நடப்பார். நெல்மணியைக் கையில் எடுத்து ஈரப்பதம் சொல்லுவார்.

அவர் எம்மிடம் சொன்னது இது: "பாதர், காசு என்ட பேரில இருக்கு. ஆனா எவ்வளவு இருக்கெண்டு மகன் சொன்னாத்தான் எனக்குத் தெரியும். மகன நான் சந்தேகப்படல்ல. அவன் கட்டாருக்குப் போகப் போறான். பிறகு நான் ஆருக்கிட்ட நம்பரச் சொல்ற?"

இந்தக் கேள்விக்கு நாம் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய கைத்தொலைபேசியை எடுத்து, அவருடன் அமர்ந்து, அவருடைய வங்கியின் இணையத்தளத்துக்குள் போய்ப் பார்த்தோம். திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் வசதி அந்தத் தொலைபேசியிலேயே இருந்தது. அதை இயக்கினோம். தொலைபேசி பேசியது: "பெயரிடப்படாத பொத்தான். பெயரிடப்படாத பொத்தான். படம். பெயரிடப்படாத பொத்தான்." எந்தப் பொத்தான் மீதியைக் காட்டும், எந்தப் பொத்தான் பணத்தை அனுப்பும் என்று அதற்குத் தெரியவில்லை. பின்னர் ஒருமுறை இலக்கம் வந்தது. அதைக் கேட்டு, மனதில் வைத்து, பழைய பக்கத்துக்குத் திரும்பி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்துவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மூன்று முறை முயன்றோம். மூன்று முறையும் வெளியே தள்ளப்பட்டோம்.

"குளத்தில தண்ணி இருக்கு பாதர். மதகுத் திறப்பு மத்தவன்ட கையில" என்றார் அவர்.

இப்பாடத்தின் மையப் பொருள் அதுவே. தன் பணத்தைத் தானே பார்க்கவும், தானே எடுக்கவும், தானே அனுப்பவும் முடியாத ஒருவருக்கு, கணக்கு அவர் பெயரில் இருந்தாலும் அந்தப் பணம் முழுவதும் அவருடையதாகாது. இரகசிய இலக்கத்தை இன்னொருவரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்ற நிலையை ஓர் இணையத்தளம் உண்டாக்கினால், குறை அந்த மனிதரின் கண்ணில் இல்லை. இணையத்தளத்தில்தான் குறை உள்ளது. அக்குறையைத் திருத்தும் வழியும் உலகில் அறியப்பட்ட ஒன்றே. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

1. இது எமது பிரச்சினையா?

"எமக்குக் காணிப் பிரச்சினை இருக்கிறது, தண்ணீர்ப் பிரச்சினை இருக்கிறது. இணையத்தளம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் எம்மிடம் வரும் பணம் எவ்வழியாக வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 2023 இல் ஆரம்பித்த அஸ்வெசும உதவித்தொகை வங்கிக் கணக்குக்கே வருகிறது. நெற்செய்கைக்கான உர மானியமும் அண்மைக்காலப் போகங்களில் வங்கிக் கணக்குக்கே வந்தது. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை அனுப்பும் பணமும் அப்படியே. முன்பு அரிசியாகவும் மூடையாகவும் கையில் வந்த உதவி, இன்று எண்ணாகத் திரையில் வருகிறது. அந்த எண்ணைக் காண முடியாதவர், உதவி வந்ததா இல்லையா என்பதையே பிறர் சொல்லித்தான் அறிகிறார்.

இரண்டாவதாக, வங்கிக்குப் போய் வருவதன் செலவு. மூதூரிலோ, ஈச்சிலம்பற்றிலோ, தென்னமரவடியிலோ இருக்கும் ஒருவர், கால் இயலாத நிலையில் நகருக்கு வந்து போவதென்றால், கூட வருபவரின் ஒருநாள் கூலியும் சேர்ந்தே போகிறது. நடக்க இயலாதவருக்கும் பார்க்க இயலாதவருக்கும் இணையவழி வங்கிச் சேவை மற்ற எவரையும்விட அதிகம் பயன்பட வேண்டியது. அவர்களுக்கே அது பூட்டிக்கிடக்கிறது என்பதுதான் வேதனை.

மூன்றாவதாக, மாற்றுத்திறனாளிகள் சிலர் மட்டுமே என்று நாம் எண்ணிவிடக் கூடாது. 2012 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி, எமது நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், பார்த்தல், கேட்டல், நடத்தல், ஞாபகம் வைத்தல் போன்றவற்றில் ஏதேனும் ஒரு சிரமத்துடன் வாழ்கின்றனர். போர் நடந்த பிரதேசங்களில் கண்ணையும் கையையும் காலையும் இழந்தோரை நாம் எண்ணிக்கை கொண்டு அறியத் தேவையில்லை. ஒவ்வொரு முகாமிலும் அவர்களுடன் வரிசையில் நின்றவர்கள் நாம். அத்துடன் முதுமை எல்லோருக்கும் வரும். இன்று இளைஞனுக்குச் சிறிதாகத் தெரியும் எழுத்து, நாளை அவனுக்கே தெரியாமல் போகும்.

2. தடை எங்கே இருக்கிறது?

மத்திய வங்கி 2011 இல் வெளியிட்ட நாணயத்தாள்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெறுமதி கூடக் கூடத் தாளின் நீளமும் கூடுகிறது. தொட்டு உணரக்கூடிய மேலெழுந்த அடையாளங்களும் உள்ளன. பார்வையற்ற ஒருவர் நூறு ரூபாவையும் ஆயிரம் ரூபாவையும் விரலால் வேறுபடுத்தலாம். தாளை வடிவமைத்தபோதே அவரை எண்ணியிருக்கிறார்கள். அதே பணம் திரைக்குள் போனதும் அவர் மறக்கப்படுகிறார். எப்படி என்பதைப் பார்ப்போம்.

பார்வையற்றோர்: இவர்கள் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். அது திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றும். ஆனால் படத்தில் உள்ளதை அது எப்போதும் சரியாக வாசிப்பதில்லை. வங்கி தன் வட்டி வீதத்தைப் படமாகப் போட்டால், அது பல வேளைகளில் வெறுமனே "படம்" என்று சொல்லும். பொத்தானுக்குப் பின்னால் அதன் பெயரை எழுதி வைக்காவிட்டால், "பெயரிடப்படாத பொத்தான்" என்று சொல்லும். வளைந்து நெளிந்த எழுத்துக்களைக் காட்டி "நீர் மனிதர்தானா என்று நிரூபியும்" என்று கேட்கும் இடத்தில், பார்வையற்றவர் மனிதர் அல்லாதவராகிவிடுகிறார்.

பார்வை குறைந்தோர்: வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து அழகாக இருக்கலாம். வயலில், வெயிலில், அறுபது வயதுக் கண்ணுக்கு அது வெறும் வெள்ளைதான். பிழையான இடத்தைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டினால், நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு அது தெரியாது.

செவிப்புலன் அற்றோர்: "உங்களை உறுதிப்படுத்த எமது அலுவலர் தொலைபேசியில் அழைப்பார்" என்பது இவர்களுக்கு மூடிய கதவு. அட்டை தொலைந்தால் அழைக்கும்படி ஓர் இலக்கத்தை மட்டும் கொடுத்தால், அட்டையைத் தொலைத்தவர் என்ன செய்வார்? எழுத்துமூலம் அறிவிக்கும் வழியும் இருக்க வேண்டும். விளக்கக் காணொளிகளுக்குக் கீழே எழுத்து ஓட வேண்டும்.

கை இயலாதோர்: மிளகாய் விதை அளவு பொத்தான்கள் அருகருகே இருந்தால், நடுங்கும் கை ஒன்றை அழுத்தப் போய் மற்றொன்றை அழுத்திவிடும். விரல் அடையாளம் மட்டுமே வழி என்றால், விரல்களை இழந்தவருக்கு வழியே இல்லை. நாம் முன்பு சொன்ன நேரக்கட்டுப்பாடும் இவர்களையே முதலில் வெளியே தள்ளுகிறது.

விளங்கிக்கொள்வதில் சிரமம் உள்ளோர்: வங்கி மொழி எமக்கே விளங்குவதில்லை. எளிய சொல்லும், ஒரு பக்கத்தில் ஒரு வேலையும், பிழை விட்டால் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் இவர்களுக்குத் தேவை. இவர்களுக்கு நல்லதாக அமைவது எல்லோருக்கும் நல்லதாகவே அமையும்.

3. தமிழுக்கே உரிய தடை

ஆங்கிலம் வாசிக்கும் பார்வையற்றவருக்கு இல்லாத இரண்டு தடைகள் தமிழ் வாசிப்பவருக்கு உண்டு. இவற்றை நாம் விசேடமாக அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் இவற்றை எமக்காகக் கேட்பதற்கு வேறு எவரும் வரமாட்டார்.

முதலாவது, பழைய எழுத்துரு. எமது நாட்டில் நீண்ட காலமாகப் பாமினி என்னும் எழுத்துருவிலேயே தமிழ் அச்சிடப்பட்டு வந்தது. அது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்குள்ளோ அது ஆங்கில எழுத்துக்களின் வரிசைதான். "பணம்" என்று அதில் எழுதினால், திரைவாசிப்பான் "ஜீ, ஸெட், கே, அரைப்புள்ளி" என்று வாசிக்கும். இப்படி எழுதிய ஒரு விண்ணப்பப் படிவத்தை வங்கி தன் தளத்தில் போட்டால், பார்வையற்ற தமிழருக்கு அது வெறும் சத்தமே. யூனிக்கோட் முறையில் எழுதினால் மட்டுமே தமிழ் தமிழாக வாசிக்கப்படும். தாளில் அச்சிட்டதை அப்படியே படம்பிடித்துப் போடுவதும் இதே போன்ற பிழைதான்.

இரண்டாவது, மொழி அறிவிப்பு. ஒவ்வொரு பக்கத்தின் உள்ளேயும் "இந்தப் பக்கம் தமிழில் உள்ளது" என்று கணினிக்குச் சொல்லும் ஒரு சிறு குறிப்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரல் வாசிக்க முற்பட்டுத் தடுமாறும். எழுதுவதற்கு ஒரு நிமிடமும் ஆகாத குறிப்பு அது.

இவற்றுக்கு முன்னால் இன்னொரு கேள்வியும் உண்டு. முதற்பக்கத்தில் "தமிழ்" என்று எழுதி, உள்ளே பணம் அனுப்பும் பக்கத்துக்கு வந்ததும் ஆங்கிலம் மட்டும் இருந்தால், அதைத் தமிழ்ச் சேவை என்று சொல்லலாமா? கண் உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி இது.

4. உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல்

இத்தடைகளை நீக்குவது எப்படி என்று ஒவ்வொரு வங்கியும் புதிதாக ஆராயத் தேவையில்லை. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய இணையக் கூட்டமைப்பு, 1999 மே மாதத்தில் இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் முதலாவது பதிப்பை வெளியிட்டது. இரண்டாவது பதிப்பு 2008 டிசெம்பரில் வந்தது. அதன் விரிவாக்கங்கள் 2018 இலும் 2023 ஒக்டோபரிலும் வந்தன. எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். அதன் அடிப்படை நான்கு தூண்கள்:

அ) உணரக்கூடியதாக இருத்தல்: கண்ணால் முடியாவிட்டால் காதால், காதால் முடியாவிட்டால் கண்ணால். ஒவ்வொரு படத்துக்கும் எழுத்தில் விளக்கம் வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு, சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 இற்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது.

ஆ) இயக்கக்கூடியதாக இருத்தல்: சுட்டி இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் எல்லாவற்றையும் செய்ய முடிய வேண்டும். நேரம் முடியப்போகிறது என்றால் முன்கூட்டியே எச்சரித்து, நேரத்தை நீடிக்கக் குறைந்தது 20 விநாடி கொடுக்க வேண்டும். பொத்தான்கள் மிகச் சிறிதாகவும் நெருக்கமாகவும் இருக்கக் கூடாது.

இ) விளங்கக்கூடியதாக இருத்தல்: பக்கத்தின் மொழி அறிவிக்கப்பட வேண்டும். எங்கே பிழை, எப்படித் திருத்துவது என்பது எழுத்தில் சொல்லப்பட வேண்டும். பணம் தொடர்பான செயலில், இறுதியாக அனுப்புமுன் சரிபார்க்கவோ, அனுப்பிய பின் மீளப்பெறவோ வாய்ப்பு இருக்க வேண்டும்.

ஈ) உறுதியாக இருத்தல்: திரைவாசிப்பான் போன்ற உதவிக் கருவிகளுடன் தளம் ஒத்துழைக்க வேண்டும்.

"பாதுகாப்புக்காகத்தான் இப்படிக் கடினமாக வைத்திருக்கிறோம்" என்று வங்கிகள் சொல்லக்கூடும். அதற்குப் பதில் உண்டு. 2023 பதிப்பு, உள்நுழையும்போது புதிர் விடுவிப்பதையோ மனனம் செய்வதையோ மட்டுமே வழியாக வைக்க வேண்டாம் என்கிறது. கடவுச்சொல்லை ஒட்டுவதற்கு இடமளித்தல், வேறொரு வழியால் உறுதிப்படுத்தல் ஆகியன அனுமதிக்கப்பட வேண்டும். உண்மையில், இரகசிய இலக்கத்தை மகனிடமும் அயலவரிடமும் சொல்ல வைக்கும் தளமே பாதுகாப்பற்றது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். வீடு கட்டும்போதே சாய்தளம் போட்டால் சில மூடைச் சீமெந்துதான். கட்டி முடித்த பின் படியை உடைத்துப் போடுவதே செலவு. இணையத்தளமும் அப்படித்தான். ஆகவே வங்கி தன் தளத்தைப் புதுப்பிக்கும் வேளையே நாம் கேட்க வேண்டிய வேளை.

5. பிற இடங்களில் எவ்வாறு மாறியது?

எந்த நாட்டிலும் வங்கிகள் தாமாகவே இதைச் செய்துவிடவில்லை. யாரோ ஒருவர் கேட்டார். அதன் பின்னரே மாறியது.

பேசும் ஏ.ரி.எம். இயந்திரம் முதன்முதலில் 1997 இல் கனடாவின் ஒட்டாவா நகரில் ரோயல் பாங்க் ஒஃப் கனடாவினால் நிறுவப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் பாங்க் ஒஃப் அமெரிக்கா, பேசும் இயந்திரங்களை நிறுவவும் தன் இணையத்தளத்தைப் பார்வையற்றோருக்கு ஏற்றதாக்கவும் உடன்பட்டது. இந்த உடன்பாடு வழக்குத் தாக்கல் செய்யாமலே ஏற்பட்டது. பார்வையற்ற வாடிக்கையாளர்களும் அவர்களின் சட்டத்தரணிகளும் வங்கியுடன் மேசையில் அமர்ந்து பேசிப் பெற்றது அது. வழக்காடப் பணமில்லாத எமக்கு இது முக்கியமான பாடம்.

இந்தியாவில், பார்வையற்றோருக்குக் காசோலைப் புத்தகமும் ஏ.ரி.எம். அட்டையும் மறுக்கப்பட்டு வந்த நிலை இருந்தது. 2008 யூன் மாதத்தில் இந்திய ரிசேர்வ் வங்கி, காசோலை, ஏ.ரி.எம்., இணைய வங்கிச் சேவை உட்பட எல்லா வசதிகளையும் பாகுபாடின்றி அவர்களுக்கு வழங்குமாறு வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. 2012 இல் யூனியன் பாங்க் ஒஃப் இந்தியா அகமதாபாத்தில் அந்நாட்டின் முதலாவது பேசும் ஏ.ரி.எம்.மைத் திறந்தது.

அண்மையது இன்னும் முக்கியமானது. அமில வீச்சினால் முகமும் கண்களும் சிதைந்த பிரக்யா பிரசூன் என்னும் பெண், 2023 இல் கணக்குத் திறக்க முயன்றார். "கமெராவின் முன் கண்ணை இமைத்துக் காட்டுங்கள், நீங்கள் உயிருள்ளவர் என்று உறுதிசெய்ய வேண்டும்" என்றது முறைமை. இமைக்க அவருக்கு இயலாது. உயிருடன் முன்னே இருப்பவரை, இமைக்கவில்லை என்பதற்காக இயந்திரம் ஏற்கவில்லை. அவரும், பார்வையற்ற சட்டத்தரணியான அமர் ஜெயினும் தனித்தனியே இந்திய உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2025 ஏப்ரல் 30 அன்று நீதியரசர்கள் ஜே. பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் தீர்ப்பளித்தனர். இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை, வாழ்வதற்கான உரிமையின் ஒரு பகுதி என்று அவர்கள் கூறினர். கண் இமைத்தலைத் தவிர்ந்த வேறு வழிகளையும் ஏற்குமாறு, 20 பணிப்புரைகளையும் வழங்கினர்.

எமது உறவுகள் பலர் வாழும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், 2019 இல் நிறைவேறிய அணுகல் சட்டம் 2025 யூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பொதுமக்களுக்கான வங்கிச் சேவைகளும் அதற்குள் அடங்குகின்றன.

6. எமது நாட்டில்

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. வேலைவாய்ப்பிலும், கல்வியிலும், பொதுக் கட்டடங்களுக்குள் நுழைவதிலும் அவர்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2006 இல் கட்டடங்களுக்கான ஒழுங்குவிதிகள் வந்தன. சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா தொடுத்த வழக்கில், 2009 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவ்விதிகளைப் பின்பற்றுமாறு கட்டளையிட்டது. வங்கியின் வாசலில் சாய்தளத்தைக் காணும்போது, அது தானாக முளைக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்வோம்.

அச்சட்டம் எழுதப்பட்ட காலத்தில் வங்கிக்குக் கல்லால் ஆன வாசல் மட்டுமே இருந்தது. இன்று கண்ணாடித் திரையிலும் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலுக்கு நாம் காட்டக்கூடிய ஆதாரம், ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய சமவாயம். 2006 டிசெம்பரில் நிறைவேறிய இதை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9 ஆவது உறுப்புரை, தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகத்தக்கதாக்கக் கோருகிறது. 12 ஆவது உறுப்புரை, மாற்றுத்திறனாளிகள் தமது நிதி அலுவல்களைத் தாமே கையாளவும், வங்கிக் கடன்களைச் சமமாகப் பெறவும் உரிமை உண்டு என்கிறது.

மத்திய வங்கி 2011 இல் வகுத்த வாடிக்கையாளர் பட்டயமும், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நிதி அறிவு குறைந்தோருக்கும் விசேட கவனம் செலுத்துமாறு வங்கிகளைக் கேட்டது. 2023 ஓகஸ்டில் வந்த நிதி வாடிக்கையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், முறைப்பாடுகளைக் கையாளும் பொறுப்பை நிதி நிறுவனங்கள் மீது சுமத்துகின்றன. எனவே நாம் கேட்பதை எவரும் சலுகையாகப் பார்க்கத் தேவையில்லை. எமது நாடு ஒப்புக்கொண்டதையே கேட்கிறோம்.

7. நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கருவியைப் பழகுதல். அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளில் டோக்பாக் என்னும் திரைவாசிப்பான் பொதுவாக உள்ளேயே இருக்கிறது. அமைப்புகள் பகுதியில் அணுகல்தன்மை என்னும் இடத்தில் அதை இயக்கலாம். தமிழ்க் குரலையும் தெரிவு செய்யலாம். விரலை வலப்பக்கம் இழுத்தால் அடுத்ததை வாசிக்கும். இருமுறை தட்டினால் அதைத் திறக்கும். ஐபோனில் வொய்ஸ்ஓவர் என்பது இதே வேலையைச் செய்கிறது. கணினிக்கு என்.வி.டி.ஏ. என்னும் இலவச மென்பொருள் உண்டு. பார்வையற்ற அவுஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006 இல் தொடங்கியது அது. பயன்படுத்தும்போது காதில் செருகும் ஒலிப்பானை மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் உங்கள் மீதியைப் பேருந்து முழுவதும் கேட்கும்.

இரண்டாவது, பரிசோதித்தல். கிராமத்தில் உள்ள இளைஞர் கழகம் ஒரு மாலைப்பொழுதில் இதைச் செய்யலாம். பணம் எதுவும் அனுப்பத் தேவையில்லை.
– திரைவாசிப்பானை இயக்கிக் கண்ணை மூடிக்கொண்டு, கணக்கின் மீதியைக் கேட்க முடிகிறதா?
– நண்பகல் வெயிலில் எல்லா எழுத்தும் தெரிகிறதா? எழுத்தை இரு மடங்காகப் பெரிதாக்கினால் பக்கம் குலையாமல் இருக்கிறதா?
– ஒரே விரலின் முட்டியால் எல்லாப் பொத்தான்களையும் பிழையின்றி அழுத்த முடிகிறதா?
– ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு, அட்டை தொலைந்ததை அறிவிக்க வழி இருக்கிறதா?
– படிவத்தை நிரப்பும்போது சற்று நேரம் நிறுத்தினால், எச்சரிக்கை வருகிறதா அல்லது எல்லாம் அழிந்துவிடுகிறதா?
– தமிழைத் தெரிவு செய்தால், கடைசிப் பக்கம் வரை தமிழ் இருக்கிறதா?

மூன்றாவது, எழுதிக் கொடுத்தல். "உங்கள் தளம் சரியில்லை" என்று எழுதினால் பதில் வராது. எந்தப் பக்கம், எந்தப் பொத்தான், எந்தத் திகதி, என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று எழுத வேண்டும். "பணம் அனுப்பும் பக்கத்தில் மூன்றாவது பொத்தானுக்குப் பெயர் இல்லை. அதற்குப் பெயர் இடவும்" என்பது ஒரு தொழில்நுட்பவியலாளருக்குப் போதுமான வசனம். கடிதத்தைக் கிளை முகாமையாளரிடம் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் வங்கியின் தலைமை அலுவலகத்துக்கும், அதன் பின் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்துக்கும் எழுதலாம். ஒருவர் எழுதுவதைவிட, விவசாய சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து எழுதுவது பலம்.

நான்காவது, அதுவரைக்கும் அவதானம். இரகசிய இலக்கத்தை அட்டையின் உறையில் எழுதி வைக்காதீர்கள். ஒருமுறை இலக்கத்தைத் தொலைபேசியில் கேட்பவர் எவராயினும் சொல்லாதீர்கள். வங்கி ஒருபோதும் அதைக் கேட்பதில்லை. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் குறுஞ்செய்தி வரும்படி கிளையில் பதிந்துகொள்ளுங்கள். திரைவாசிப்பான் அதை உடனே வாசித்துச் சொல்லும். உதவுவதற்கு ஒருவர் வேண்டியிருந்தால், அவர் யார், எதற்கு மட்டும் உதவுவார் என்பதை வங்கியில் எழுத்தில் வையுங்கள்.

மூதூர் ஐயாவின் கதைக்குத் திரும்புவோம். அவர் சொல்லச் சொல்ல நாம் கடிதம் எழுதினோம். பெருவிரல் அடையாளம் இடவா என்று கேட்டார். "ஐயா, உங்களுக்குக் கையொப்பம் தெரியுமே" என்றோம். தாளின் ஓரத்தை விரலால் அளந்து, தெளிவாகக் கையொப்பமிட்டார். கிளை முகாமையாளர் மரியாதையுடன் வாங்கி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். குறுஞ்செய்தி வசதியை அன்றே பதிந்துகொடுத்தார். தளம் இன்னும் மாறவில்லை. ஆனால் பணம் வந்த செய்தியை, எவரும் வாசித்துக் காட்டாமல், அவரே முதலில் கேட்டு வீட்டாருக்குச் சொல்கிறார். மதகின் திறப்பு இன்னும் முழுவதும் அவர் கைக்கு வரவில்லை. கேட்டுக்கொண்டே இருப்போம்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் தன் வங்கி அட்டையையும் இலக்கத்தையும் பிறரிடம் கொடுத்து வைத்திருப்போர் யார் யார்? விரும்பிக் கொடுத்தார்களா, வேறு வழியின்றிக் கொடுத்தார்களா?

2. குடும்பத்தில் ஒருவருக்கு உதவுவதற்கும், அவருக்குப் பதிலாக நாமே தீர்மானிப்பதற்கும் இடையே என்ன வேறுபாடு? நாம் எங்கே எல்லை மீறுகிறோம்?

3. மேலே சொன்ன ஆறு பரிசோதனைகளையும் எமது வங்கியின் தளத்தில் செய்து பார்த்தோமா? கண்டவற்றை ஒரு தாளில் எழுதி, அடுத்த மாதச் சந்திப்புக்கு ஓர்ஸ் ஹில்லுக்குக் கொண்டு வருவீர்களா? படியேற முடியாதவர்கள் முன்கூட்டியே செய்தி அனுப்புங்கள். கீழே பாதையோரத்தில் நாம் கதிரை போட்டு, அங்கேயே சந்திப்போம். எமது வாசலையும் திருத்த வேண்டியிருக்கிறது என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை.